சிப்பில் புரோகிராம் ஏற்றும் முறை ரகசியமாக இருக்கலாமா? நல்லம்பள்ளி மோட்டார் ஸ்டார்ட்டர் முதல் ஐஐடி 'சக்தி' வரை - விரிவான விளக்கம்

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி பக்கம் ஆழ்துளைக் கிணற்றை நம்பி தக்காளியும் மரவள்ளியும் போடும் விவசாயிகளுக்கு, செல்போனில் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர் புதிய விஷயம் இல்லை. வீட்டில் இருந்தபடியே ஒரு கால் கொடுத்தால் தோட்டத்தில் மோட்டார் ஓடும். மும்முனை மின்சாரம் வந்ததும் தானாக ஸ்டார்ட் ஆகும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் காயில் எரிவதற்கு முன் நின்றுவிடும். இந்த வகை கருவிகளுக்குத் தமிழக அரசின் வேளாண் பொறியியல் துறை மானியமும் கொடுக்கிறது.

இவ்வளவு முடிவையும் எடுப்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன சிப். அதன் பெயர் மைக்ரோகன்ட்ரோலர். அதற்குள் ஒரு புரோகிராம் ஏற்றப்பட்டிருக்கும்.

அந்தப் புரோகிராமை சிப்புக்குள் எப்படி ஏற்றுவது என்ற விவரத்தை சிப் தயாரிக்கும் நிறுவனம் எல்லோருக்கும் சொல்ல வேண்டுமா? அல்லது பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் சொன்னால் போதுமா? உலகம் முழுக்க எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்களும் சிப் நிறுவனங்களும் 30 ஆண்டுகளுக்கும் மேலாக மோதும் கேள்வி இது. இந்தியாவே சொந்தமாக சிப் வடிவமைக்கத் தொடங்கியிருப்பதால் இப்போது நம் ஊருக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது.

மைக்ரோகன்ட்ரோலர் என்றால் என்ன?

எளிமையாகச் சொன்னால், ஒரே சிப்பில் அடங்கிய குட்டி கம்ப்யூட்டர். கணக்குப் போடும் புராசஸர், புரோகிராமை வைத்துக்கொள்ளும் ஃப்ளாஷ் மெமரி, தற்காலிக மெமரி, வெளியே இருக்கும் சென்சார், ரிலே போன்றவற்றோடு பேசும் கால்கள் (பின்கள்) எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்.

வாஷிங் மெஷின், மின்சார மீட்டர், பைக் டேஷ்போர்டு, டிவி ரிமோட், எடை மெஷின், யுபிஐ சவுண்ட் பாக்ஸ் என எதைத் திறந்தாலும் குறைந்தது ஒன்றாவது இருக்கும்.

செல்போன் புராசஸரோடு ஒப்பிட்டால் இதன் சக்தி ரொம்பக் குறைவு. கல்லூரி மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் பல காலமாக இருந்து வரும் ஏடிமெகா328பி சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் புரோகிராம் வைக்க 32 கிலோபைட், தற்காலிக மெமரி 2 கிலோபைட், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோவைக்கூட அதற்குள் வைக்க முடியாது. ஆனால் ஒரு மோட்டாரைக் காப்பாற்ற அது தாராளமாகப் போதும்.

புரோகிராமிங் விவரக்குறிப்பு என்றால் என்ன?

இங்குதான் பலருக்கும் குழப்பம் வரும். சிப் தொடர்பான ஆவணங்கள் மூன்று வகை. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் வகை, டேட்டாஷீட். எந்தக் கால் எதற்கு, எத்தனை வோல்ட் கொடுக்கலாம், உள்ளே என்னென்ன வசதி இருக்கிறது என்று சொல்வது.

இரண்டாவது, புரோகிராமிங் விவரக்குறிப்பு. கம்ப்யூட்டரில் எழுதிய புரோகிராமை சிப்பின் மெமரிக்குள் ஏற்ற எந்தக் காலில் என்ன வோல்டேஜ் கொடுக்க வேண்டும், எந்த வரிசையில் கட்டளை அனுப்ப வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், சரியாகப் பதிந்ததா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பதைச் சொல்லும் ஆவணம் இது.

மூன்றாவது, சிப்பின் உள் வடிவமைப்பு. லட்சக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற வரைபடம். நிறுவனத்தின் உண்மையான சொத்து இதுதான்.

ஹாபி ஆர்வலர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டாவதை மட்டும். வீட்டுக்குள் நுழைய வாசல் எந்தப் பக்கம் என்று கேட்பதும், பீரோ சாவியைக் கேட்பதும் ஒன்று இல்லையே!

1993-ல் என்ன நடந்தது?

அதற்கு முன்பு சிப்பில் புரோகிராம் ஏற்றுவது பெரிய வேலை. பல சிப்களில் ஒருமுறை எழுதினால் அவ்வளவுதான், மாற்ற முடியாது. மாற்றி எழுதக்கூடிய சிப்களில் மேலே ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியாக புற ஊதா ஒளியைக் காட்டி அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். அதற்குத் தனிக் கருவிகள் தேவை, விலையும் அதிகம்.

1993-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் பிஐசி16சி84 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. மின்சாரத்தாலேயே அழித்து, மீண்டும் மீண்டும் எழுதலாம். உள்ளே 1,024 கட்டளைகளுக்கு மட்டுமே இடம். தற்காலிக மெமரி 36 பைட்.

அதைவிட முக்கியம், அதில் புரோகிராம் ஏற்றும் முறையை நிறுவனம் ஆவணமாகவே வெளியிட்டது. ரீசெட் காலில் 12 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் சிப் எழுதும் நிலைக்குப் போகும். பிறகு ஒரு காலில் கிளாக், இன்னொரு காலில் டேட்டா. மொத்தத்தில் இரண்டே வயரில் வேலை முடிந்துவிடும்.

இதைப் படித்த ஆர்வலர்கள் கம்ப்யூட்டரின் பிரின்டர் போர்ட்டில் சில டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர்களை இணைத்து வீட்டிலேயே புரோகிராமர் செய்தார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்க வேண்டிய கருவி, ரேடியோ கடையில் கிடைக்கும் சாமான்களில் தயாரானது. அந்தத் தலைமுறையில் பலருக்கு முதல் மைக்ரோகன்ட்ரோலரே பிஐசி தான்.

ஆர்டுயினோ வந்ததும் இதனால்தானா?

பெரும்பாலும் ஆமாம். அட்மெல் நிறுவனம் தனது ஏவிஆர் வரிசை சிப்களின் டேட்டாஷீட்டிலேயே புரோகிராம் ஏற்றும் முறைக்கு ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியது. ரீசெட் காலைத் தாழ்த்தி வைத்து, குறிப்பிட்ட கட்டளையை அனுப்ப வேண்டும். அனுப்பிய பைட் ஒன்றை சிப் அப்படியே திருப்பி அனுப்பினால், அது கேட்கத் தயார் என்று அர்த்தம். எந்த மர்மமும் இல்லை.

இதை வைத்து ஏவிஆர்டியூட் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் உருவானது. 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தொடங்கிய ஆர்டுயினோவின் ‘அப்லோட்’ பட்டனுக்குப் பின்னால் வேலை செய்வது இந்த ஏவிஆர்டியூட் தான்.

இன்னொரு சுவாரஸ்யம். ஒரு ஆர்டுயினோ போர்டையே புரோகிராமராக மாற்றி, இன்னொரு காலி சிப்பில் புரோகிராம் ஏற்றலாம். சில நூறு ரூபாய் போர்டு ஒன்று கையில் இருந்தால் வேறு கருவியே தேவையில்லை. விவரம் வெளியே இருப்பதால் மட்டுமே இது சாத்தியம்.

2016-ல் அட்மெல்லை மைக்ரோசிப் நிறுவனமே வாங்கியது. விவரத்தை வெளியிட்ட இரண்டு சிப் குடும்பங்களும் இன்றைக்கு ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இரண்டும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன.

விவரம் வெளியிடாத நிறுவனங்களின் கதை என்ன?

இரண்டு உதாரணங்கள் போதும்.

தைவானின் படாக் நிறுவனத்தின் பிஎம்எஸ்150சி சிப், மொத்தமாக வாங்கினால் ஒன்று சுமார் 3 அமெரிக்க சென்ட். அதாவது, இரண்டு மூன்று ரூபாய்தான். ஒரு முறை மட்டுமே எழுதக்கூடிய இந்த சிப் 2018 வாக்கில் இணைய உலகில் பிரபலமானபோது, எல்லோருக்கும் ஆச்சரியம். ஆனால் அதில் புரோகிராம் ஏற்றும் முறையை நிறுவனம் வெளியிடவில்லை. அதன் சொந்தக் கருவியைத்தான் வாங்கியாக வேண்டும்.

ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தக் கருவி சிப்போடு பேசும்போது வயர்களில் ஓடும் சிக்னலை அளந்து, அலசி, எழுதும் முறையைக் கண்டுபிடித்தார்கள். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும் ஒரு புரோகிராமரையும் வடிவமைத்து இலவசமாகக் கொடுத்தார்கள். எஸ்டிசிசி என்ற இலவச சி கம்பைலரும் இந்த சிப்களில் பலவற்றுக்கு ஆதரவு சேர்த்தது. அதாவது, மூடி வைத்த விவரம் ஓரிரு ஆண்டுகளில் வெளியே வந்துவிட்டது.

இரண்டாவது உதாரணம் சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம். 2014-ல் அதன் ஈஎஸ்பி8266 வைஃபை சிப் சந்தைக்கு வந்தபோது கிடைத்த ஆவணங்கள் சொற்பம். அவையும் சீன மொழியில். ஆர்வலர்கள் அவற்றை மொழிபெயர்த்தார்கள். ஒருவர் அந்த சிப்பில் புரோகிராம் ஏற்ற ‘ஈஎஸ்பிடூல்’ என்ற சின்ன மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்தார்.

எஸ்பிரெசிஃப் என்ன செய்தது? எதிர்க்கவில்லை. அதே ஆண்டு மென்பொருள் தொகுப்பை வெளியிட்டது. பின்னாளில் அந்த ஈஎஸ்பிடூலையே தன் அதிகாரப்பூர்வ கருவியாக ஏற்றுக்கொண்டு, புரோகிராம் ஏற்றும் நெறிமுறையையும் முழுசாக எழுதி வைத்தது. 2016-ல் வந்த ஈஎஸ்பி32 இன்றைக்கு கல்லூரி புராஜெக்ட், ஸ்மார்ட் ஹோம், விவசாயக் கருவி என எங்கும் இருக்கிறது.

ஒரே மாதிரி தொடக்கம், இரண்டு வழிகள். படாக் ஆர்வலர்களின் ஆராய்ச்சிப் பொருளாகவே நின்றுவிட்டது. எஸ்பிரெசிஃப் அவர்களையே தன் பயிற்சி பெற்ற வாடிக்கையாளர்களாக மாற்றிக்கொண்டது.

சரி, நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன?

காரணங்கள் இல்லாமல் இல்லை. பொதுவாகச் சொல்லப்படுபவை இவை.

காப்பி அடிப்பார்கள் என்ற பயம்: புரோகிராம் ஏற்றும் முறை வரை தெரிந்தால், அசலைப் போலவே இயங்கும் போலி சிப் செய்வது எளிது. அசலுக்கென்று வந்த கருவிகளே போலிக்கும் பொருந்திவிடும்.

பாதுகாப்பு: புரோகிராம் ஏற்றத் தெரிந்தவர்கள், மீட்டர் அல்லது பூட்டு போன்ற கருவிகளில் இருக்கும் புரோகிராமை மாற்றிவிடலாம் என்ற அச்சம்.

உதவிச் செலவு: பத்து லட்சம் சிப் வாங்கும் கம்பெனி கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் போடலாம். பத்து சிப் வாங்கும் மாணவர்கள் ஆயிரம் பேர் கேட்டால்? ஆவணத்தை வெளியிட்டால் அதில் உள்ள பிழைகளுக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும்.

தரப் பிரச்னை: வோல்டேஜும் நேரமும் சரியில்லாத வீட்டுக் கருவியில் எழுதினால், இன்று ஓடும் புரோகிராம் சில ஆண்டுகளில் அழிந்துபோகலாம். கெட்ட பெயர் சிப்புக்குத்தான் வரும்.

கருவி வியாபாரம்: சில நிறுவனங்களுக்கு புரோகிராமர் விற்பதே தனி வருமானம்.

இதனால் பல நிறுவனங்கள், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டுமே ஆவணம் தருகின்றன. கம்பெனி பெயர், ஆண்டு கொள்முதல் அளவு எல்லாம் கேட்பார்கள். தனி ஆளாக இருக்கும் மாணவருக்கோ, மெக்கானிக்குக்கோ அந்தக் கதவு திறக்காது.

பாதுகாப்பு குறையும் என்பது உண்மையா?

இந்த வாதங்களிலேயே கனமானது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில், எழுதத் தெரிவதும் உள்ளே இருப்பதைப் படிப்பதும் வேறு வேறு. பெரும்பாலான மைக்ரோகன்ட்ரோலர்களில் ‘லாக் பிட்’ என்ற பூட்டு இருக்கிறது. ஏவிஆர் சிப்பில் பொருள் தயாரித்தவர் இந்தப் பூட்டைப் போட்டுவிட்டால், வெளியில் இருந்து புரோகிராமைப் படிக்க முடியாது. பூட்டைத் திறக்க ஒரே வழி, சிப்பை மொத்தமாக அழிப்பது. அப்படி அழிக்கும்போது பழைய புரோகிராமும் போய்விடும். இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதும் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. விவரம் வெளியே இருந்தும், புரோகிராமை எழுதியவரின் உழைப்பு பாதுகாப்பாகவே இருக்கிறது.

இரண்டாவது, இந்த முறையில் எழுத சிப்பின் கால்களில் வயர் வைக்க வேண்டும். அதாவது, ஆள் நேரில் வர வேண்டும். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வயர் வைக்கும் அளவுக்கு ஒருவர் வந்துவிட்டால், அவர் புரோகிராமை மாற்றித்தான் கெடுதல் செய்ய வேண்டும் என்பதில்லை. வயரைப் பிடுங்கினாலே போதும்.

மூன்றாவது, ரகசியத்தை நம்பிய பாதுகாப்பு நிற்காது என்பது பழைய பாடம். சாவி தவிர மற்ற எல்லாமே எதிரிக்குத் தெரிந்தாலும் பூட்டு தாங்க வேண்டும் என்ற கொள்கையை 1883-லேயே ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் எழுதிவிட்டார்.

இதை நிஜமாகவே சோதித்துப் பார்த்த நிறுவனம் பிரிட்டனின் ராஸ்பெர்ரி பை. 2024 ஆகஸ்டில் ஆர்பி2350 என்ற மைக்ரோகன்ட்ரோலரை முழு ஆவணங்களோடு வெளியிட்டது. கூடவே, உள்ளே பூட்டி வைத்த ரகசியத்தை எடுத்துக் காட்டுபவருக்கு 10 ஆயிரம் டாலர் பரிசு என்று சவால் விட்டது. பிறகு பரிசு 20 ஆயிரம் டாலராக உயர்ந்தது. 2025 ஜனவரியில் நான்கு வெற்றியாளர்கள் அறிவிக்கப்பட்டார்கள். நான்கு பேரும் வேறு வேறு வழியில் உடைத்திருந்தார்கள். அவர்கள் காட்டிய ஓட்டைகளை அந்த நிறுவனமே வெளியிட்டது. பின்னர் வந்த திருத்திய பதிப்பில் பலவற்றை அடைத்தது.

இதில் இரண்டு பக்கமும் பாடம் இருக்கிறது. திறந்து வைத்தால் ஓட்டை சீக்கிரம் தெரியும் என்பது உண்மை. அதே ஓட்டை, மூடி வைத்தாலும் உள்ளே இருக்கத்தான் செய்யும். சொல்ல ஆள் இல்லாததால் அடைபடாமல் இருக்கும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு நியாயமானது. வங்கி அட்டை, சிம் கார்டு போன்றவற்றில் இருக்கும் பாதுகாப்பு சிப்கள் தனி ரகம். தாக்குபவர் கையிலேயே பொருள் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு செய்யப்படுபவை அவை. அவற்றின் விவரங்களை ஒப்பந்தத்தோடு கொடுப்பதை ஹாபி ஆர்வலர்கள்கூட பெரிதாக எதிர்ப்பதில்லை.

இந்திய சிப்களின் நிலை என்ன?

இங்கே முதலில் வருவது சென்னை. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் 2014-ல் தொடங்கிய திட்டம் ‘சக்தி’. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளை முறையில் உருவான புராசஸர் குடும்பம் இது.

சக்தியின் சிறப்பு, புரோகிராமிங் முறை மட்டும் இல்லை, வடிவமைப்பே ஓப்பன் சோர்ஸ். பிஎஸ்டி உரிமத்தின்கீழ் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம், விற்கும் பொருளிலும் பயன்படுத்தலாம். மற்ற நிறுவனங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுவதையே இவர்கள் திண்ணையில் வைத்துவிட்டார்கள்.

2018-ல் சக்தியின் முதல் சிப் இன்டெல் ஆலையில் தயாரானது. அதே ஆண்டு மொகாலியில் உள்ள மத்திய அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்திலும் ஒரு சிப் தயாரானது. 2020-ல் ‘மௌஷிக்’ வந்தது. 2025 பிப்ரவரியில், இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கிய ‘ஐரிஸ்’ சிப் அறிவிக்கப்பட்டது. அதன் போர்டு பொருத்தப்பட்டது சென்னையில்.

ஆனால் ஒரு முரண் இருக்கிறது. வடிவமைப்பு இலவசம் என்றாலும், கடையில் போய் ‘ஒரு சக்தி சிப் கொடுங்க’ என்று ஆர்டுயினோ மாதிரி வாங்க முடிவதில்லை. மாணவர் ஒருவர் சக்தியை முயன்று பார்க்க வழக்கமாகச் சொல்லப்படும் வழி, எஃப்பிஜிஏ என்ற தனி வகை போர்டில் அந்த வடிவமைப்பை ஏற்றுவது. சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் போர்டைவிட அது பல மடங்கு விலை.

திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் வேறு வழியில் போனது. அதன் ‘வேகா’ குடும்பத்தில் தேஜஸ்32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் 100 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுகிறது. அதை வைத்த ‘ஏரீஸ்’ போர்டில், மாணவர்களுக்குப் பழக்கமான ஆர்டுயினோ மென்பொருள் மூலமே புரோகிராம் ஏற்றலாம். சக்தி, வேகா இரண்டையும் வைத்துப் பொருட்கள் செய்ய 2020 ஆகஸ்டில் மத்திய அரசு சுதேசி மைக்ரோபுராசஸர் போட்டியை அறிவித்தது.

மூன்றாவது, தனியார் முயற்சி. ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த மைண்ட்குரோவ் டெக்னாலஜீஸ் நிறுவனம், சக்தி புராசஸரை அடிப்படையாகக் கொண்ட ‘செக்யூர் ஐஓடி’ சிப்பை 2024 மே மாதம் அறிமுகப்படுத்தியது. 28 நானோமீட்டர், 700 மெகாஹெர்ட்ஸ். ஸ்மார்ட் மீட்டர், வாட்ச், வீட்டு உபகரணங்கள்தான் இலக்கு.

இந்த நிறுவனங்களும் இனி வரப்போகிறவையும் எடுக்கப்போகும் முடிவுதான் முக்கியம். பெரிய வாடிக்கையாளருக்கு மட்டும் ஆவணமா, எல்லோருக்குமா? சிப் தொழிலுக்காக 2021 டிசம்பரில் மத்திய அரசு ஒதுக்கியது 76 ஆயிரம் கோடி ரூபாய். தமிழக அரசும் 2024-ல் செமிகண்டக்டர் கொள்கை வெளியிட்டது. பொதுப் பணம் போகும் இடத்தில், குறைந்தபட்சம் புரோகிராம் ஏற்றும் முறையாவது பொதுவில் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி.

நல்லம்பள்ளிக்கு இதனால் என்ன?

மோட்டார் ஸ்டார்ட்டருக்கே வருவோம். பழைய செல்போன் ஸ்டார்ட்டர்கள் பலவும் 2ஜி சிம்மில் ஓடுபவை. ஜியோவில் 2ஜி கிடையாது. ஊரில் பழைய 2ஜி சிக்னல் பலவீனமானால், பெட்டி நன்றாக இருந்தும் பயனில்லை. 4ஜி மாட்யூல் மாற்றலாம். ஆனால் புது மாட்யூலோடு பேச மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருக்கும் புரோகிராமும் மாற வேண்டியிருக்கும்.

இங்கே இரண்டு பூட்டுகள் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று சிப் நிறுவனம் போடுவது. இன்னொன்று ஸ்டார்ட்டர் தயாரித்தவர் போடுவது. சிப்பின் விவரம் வெளியே இருந்தால், உள்ளூர் மெக்கானிக் பழைய புரோகிராமைப் படிக்க முடியாவிட்டாலும், அதை அழித்துவிட்டு புதிதாக எழுதி ஏற்ற முடியும். விவரமும் இல்லையென்றால் போர்டு முழுசாகக் குப்பைக்குத்தான் போகும். ஸ்டார்ட்டர் கம்பெனி மூடிவிட்டாலோ, அந்த மாடலை நிறுத்திவிட்டாலோ விவசாயிக்கு இருக்கும் ஒரே வழி புது பெட்டி.

அதே நேரம் ஒரு எச்சரிக்கை. மும்முனை மோட்டார் பேனலில் 415 வோல்ட் ஓடுகிறது. மின் இணைப்பில் இருக்கும்போது போர்டில் வயர் வைப்பது உயிருக்கே ஆபத்து. போர்டைக் கழற்றி, மேசையில் வைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். வறண்ட ஓட்டம், அதிக மின்னோட்டம் போன்ற பாதுகாப்புகளைச் சரியாக எழுதாத புரோகிராம் மோட்டாரையே எரித்துவிடும். விவரம் கிடைப்பது வேறு, பொறுப்போடு எழுதுவது வேறு.

மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016-ல் இருந்து பள்ளிகளில் மைக்ரோகன்ட்ரோலர்களைக் கொண்டுபோகிறது. பொறியியல் கல்லூரிகளில் இன்றும் 1980-ல் வந்த 8051 பாடம் நடக்கிறது. தருமபுரி, ஓசூர் பகுதியில் எலெக்ட்ரானிக்ஸ், மின்வாகன ஆலைகள் பெருகிவரும் நேரத்தில், இந்தப் பிள்ளைகள் எந்த சிப்பில் கை பழகுகிறார்களோ, நாளை வேலையிலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆவணம் கிடைக்காத சிப்பில் யாரும் கை பழக முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

புரோகிராமிங் விவரத்தை வெளியிட்டே ஆக வேண்டும் என்று சிப் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை.

சிப்பின் உள் அமைப்பு வரைபடத்துக்கு 2000-ஆம் ஆண்டு செமிகண்டக்டர் ஒருங்கிணைந்த சுற்று வடிவமைப்புச் சட்டம் 10 ஆண்டு பாதுகாப்பு தருகிறது. ஆனால் ஆய்வு, பகுப்பாய்வு, கற்பித்தல் ஆகியவற்றுக்கு அதே சட்டம் விலக்கும் தருகிறது.

மென்பொருள் விஷயத்தில் 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு கவனிக்க வேண்டியது. தனியாக உருவாக்கிய ஒரு புரோகிராம் இன்னொன்றோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் எளிதில் கிடைக்காவிட்டால், அதைப் பெறுவதற்குச் செய்யும் செயல்களை அது உரிமை மீறலாகக் கருதவில்லை.

பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. ஆனால் அது பேசுவது பெரும்பாலும் பொருள் தயாரிப்பாளர்களின் கடமை பற்றி. உள்ளே இருக்கும் சிப் வரை அந்தப் பேச்சு இன்னும் இறங்கவில்லை.

அப்படியென்றால் வெளியிட வேண்டுமா?

இதுவரையிலான அனுபவம் ஒரு பக்கமே சாய்கிறது. விவரத்தை வெளியிட்ட மைக்ரோசிப், அட்மெல், எஸ்பிரெசிஃப், ராஸ்பெர்ரி பை ஆகியவற்றின் சிப்கள்தான் வகுப்பறைகளிலும் பட்டறைகளிலும் நிரம்பியிருக்கின்றன. உலகின் பெரிய மைக்ரோகன்ட்ரோலர் நிறுவனங்களில் ஒன்றான எஸ்டி மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸும் தனது எஸ்டிஎம்32 சிப்களில் புரோகிராம் ஏற்றும் நெறிமுறையை ஆவணமாகவே கொடுக்கிறது. இதனால் அதன் வியாபாரம் நின்றுவிடவில்லை. எஸ்டிஎம்32-க்கு போலிகள் வந்தன என்பதும் உண்மை. ஆனால் போலி செய்பவர் சிப்பையே அலசத் தெரிந்தவர். அவரை ஆவணத்தை மறைத்துத் தடுக்க முடியாது. மறைத்தால் தடுமாறுவது மாணவரும் மெக்கானிக்கும்தான்.

உதவிச் செலவு, தரம் பற்றிய பயத்துக்கும் வழி இருக்கிறது. ‘இது தகவலுக்காக மட்டும், தனிநபர் உதவி கிடையாது’ என்று எழுதியே ஆவணத்தை வெளியிடலாம். சரியான வோல்டேஜ், நேர அளவுகளைச் சொல்லிவிட்டால் தப்பாக எழுதுவதும் குறையும். தவறு அதிகம் நடப்பது விவரம் தெரியாமல் ஊகித்து எழுதும்போதுதான்.

குறைந்தபட்சம் நான்கு விஷயங்கள் வெளியே இருந்தால் போதும்:

* புரோகிராம் ஏற்றும் கால்கள், வோல்டேஜ், கட்டளை வரிசை, நேர அளவுகள்
* மெமரி எந்த முகவரியில் தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரம்
* லாக் பிட் எப்படி வேலை செய்கிறது, அதன் வரம்பு என்ன
* தெரிந்த பிழைகளின் பட்டியல்

இதில் சிப்பின் உள் வடிவமைப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சிப் அல்லது போர்டு வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* முழு டேட்டாஷீட் பதிவு, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் நிறுவனத்தின் தளத்தில் கிடைக்கிறதா? இரண்டு பக்க விளம்பரத் தாளை டேட்டாஷீட் என்று நினைத்துவிடாதீர்கள்.
* புரோகிராம் ஏற்ற இலவச மென்பொருள் இருக்கிறதா? இல்லை, அந்த நிறுவனத்தின் கருவியைத்தான் வாங்க வேண்டுமா? கருவியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.
* மீண்டும் எழுதலாமா, ஒருமுறை மட்டும்தானா?
* விண்டோஸ் மட்டுமா, லினக்ஸிலும் வேலை செய்யுமா? அரசுப் பள்ளி, கல்லூரி லேப்களுக்கு இது முக்கியம்.
* மோட்டார் ஸ்டார்ட்டர் போன்ற கருவி வாங்குபவர்கள், ‘புரோகிராம் அப்டேட் கிடைக்குமா, எத்தனை வருஷத்துக்கு?’ என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லிலோ வாரன்டி அட்டையிலோ எழுதி வாங்குவது நல்லது.

வெளிநாட்டு நிறுவனங்கள் எப்போது மனம் மாறும் என்று சொல்ல முடியாது. ஆனால் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் வடிவமைக்கப்படும் சிப்களின் ஆவணம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டுமா என்பதை இங்கே இருப்பவர்களே முடிவு செய்யலாம். அடுத்த சிப் வெளியாகும் நாளில் அதன் வேகம் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று கேட்பதோடு, அதில் புரோகிராம் ஏற்றும் ஆவணம் எங்கே என்றும் கேட்கலாம்.